விதைநெல்லோடு விதைப் பணமும் எடுத்து வையுங்கள்



தை அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரம் இது. இப்போது கையில் வரும் பணம் எங்கெங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டுறவுக் கடன், கடைக்கடன், நகைக்கடன், பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பணம்தான். அதையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, ஜூனில் குறுவைக்கு மறுபடியும் கடன் வாங்கத்தான் பலர் போகிறார்கள்.

வரும் சாகுபடி ஆண்டில் வானிலை எப்படி இருக்கும், விலைவாசி எப்படி இருக்கும் என்று பயிற்சிக்கு வரும் விவசாயிகள் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான். மழை தவறினாலும், மிகுந்தாலும், பருவம் மாறிப் பெய்தாலும் கடைசியில் அது கடன் பாக்கியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அதனால் மழைக் கணக்கையும் பணக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதிப் பார்ப்போம்.

மூன்று ஆண்டுகள், மூன்று விதமான இழப்பு

முதலில் கடந்த மூன்று ஆண்டுகளைத் திரும்பிப் பாருங்கள்.

2023-இல் மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டது. குறுவையை நம்பி இறங்கினோம். ஆனால் கர்நாடகத்தின் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. அணைக்கு நீர்வரத்து இல்லை. அக்டோபர் 10 அன்று அணை மூடப்பட்டது. கடைமடையில் பயிர் கருகியது. அதே ஆண்டு டிசம்பரில் தென் மாவட்டங்களில் வெள்ளம். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

2024-இல் ஜூன் 12 அன்று திறக்கும் அளவுக்கு அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடியை எட்டி நிரம்பியது. தண்ணீர் வந்தது, ஆனால் ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியவர்களுக்குக் குறுவைப் பருவம் கை நழுவியிருந்தது.

2025-இல் அணை ஜூன் 12 அன்று திறந்தது, நீர் குறைவின்றி வந்தது, குறுவைப் பரப்பும் பெருகியது. ஆனால் அக்டோபரில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து, நனைந்து, முளைத்தது. நவம்பர் கடைசியில் 'டிட்வா' புயல் மழையில் இளம் சம்பாப் பயிர் பல இடங்களில் நீரில் மூழ்கியது.

முதல் ஆண்டு தண்ணீர் நின்றுபோனது. இரண்டாம் ஆண்டு தாமதமாக வந்தது. மூன்றாம் ஆண்டு எல்லாம் நன்றாக இருந்து அறுவடையில் அடி விழுந்தது. போன ஆண்டு எதில் அடிபட்டோமோ அதற்கு மட்டும் இந்த ஆண்டு தயாராவது போதாது என்பதை இது காட்டுகிறது. எந்த விதத்தில் அடி விழுந்தாலும் குடும்பம் தாங்கும்படி செலவையும் பயிரையும் பிரித்து வைப்பதுதான் வழி.

எல் நினோ நமக்கு என்ன செய்யும்?

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்கிறோம். குளிர்வது லா நினா. எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பலமுறை குறைந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழை அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கிறது.

டெல்டாவுக்கு இதன் பொருள் என்ன? நம் ஆற்றுநீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. நம் வயலில் விழுவது வடகிழக்குப் பருவமழை. எல் நினோ வந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றில் தண்ணீர் குறையலாம். அக்டோபருக்குப் பிறகு வயலில் தண்ணீர் மிகலாம். ஒரே ஆண்டில் வறட்சியையும் வெள்ளத்தையும் பார்ப்பது இப்படித்தான். 2023 எல் நினோ ஆண்டு.

இதை உறுதியான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-இல் எல் நினோ முடிந்து கடல் குளிர்ந்திருந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, தமிழகம் கடும் வறட்சியைச் சந்தித்தது. எனவே ஜாதகம் பார்ப்பது போல ஒரே ஒரு கணிப்பை நம்பி முழு நிலத்தையும் ஒப்படைக்கக் கூடாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவமழைக்கான முதல் கணிப்பை ஏப்ரலிலும், திருத்திய கணிப்பை மே கடைசியிலும் வெளியிடும். வடகிழக்குப் பருவமழைக் கணிப்பு செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் வரும். இந்த மூன்றையும் தவறாமல் கவனியுங்கள். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையை 'மேக்தூத்' செயலியில் பார்க்கலாம். 'உழவன்' செயலியிலும் வானிலைத் தகவல் கிடைக்கும்.

இரவு வெப்பமும் பதரும்

மழையைப் பேசும் அளவுக்கு நாம் வெப்பத்தைப் பேசுவதில்லை. 1901 முதல் உள்ள பதிவுகளில் 2024-தான் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு. பகல் சூடு கண்ணுக்குத் தெரியும். இரவுச் சூடு தெரியாமலே மகசூலைத் தின்றுவிடும். இரவில் வெப்பம் கூடினால் பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தைத் தன் மூச்சுக்கே செலவழித்துவிடுகிறது. மணியில் போய்ச் சேர வேண்டியது குறைகிறது. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிப் பதர் கூடும்.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது கோடை நெல். மார்ச் கடைசி, ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும்படி கோடை நெல் நட்டால் தண்ணீரும் அதிகம், பதரும் அதிகம். பம்புசெட் இருக்கிறது என்பதற்காக மட்டும் கோடையில் நெல் வைக்க வேண்டாம். அந்த இடத்தில் உளுந்து, பயறு, எள் வைத்தால் செலவும் குறையும், மண்ணும் தேறும்.

வானிலை எப்படிச் செலவாக மாறுகிறது?

பயிற்சிக்கு வருபவர்களிடம், "போன ஆண்டு ஒரு ஏக்கர் சம்பாவுக்கு எவ்வளவு செலவானது?" என்று கேட்பேன். பலர் உரம், மருந்து, நடவுக்கூலி வரை சரியாகச் சொல்வார்கள். மழையால் கூடிய செலவை யாரும் தனியாக எழுதி வைப்பதில்லை. அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டியில் அறுத்துவிடலாம். ஈரமாக இருந்தால் பெல்ட் வண்டி வேண்டும். அதற்கு வாடகை அதிகம். பயிர் சாய்ந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை இரண்டு மணி நேரம் இழுக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்கு மேல் இருந்தால் களத்தில் கொட்டிக் காயவைக்க ஆள் கூலி, தார்ப்பாய், காவல். தளர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க முடியாமல் வியாபாரிக்குப் போட்டால் விலை இறங்கும். குவிண்டாலுக்கு 600 ரூபாய் குறைத்துக் கேட்டாலே 25 குவிண்டாலுக்கு 15,000 ரூபாய் போய்விடும்.

பயிர் அழியாமலே, மகசூல் குறையாமலே இந்த இழப்பு வருகிறது. இதற்குக் காப்பீடும் கிடையாது, நிவாரணமும் கிடையாது. அறுவடை தேதியைச் சரியாக வைப்பது ஒன்றுதான் இதற்கு மருந்து. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலுக்கு மோசமில்லாத மகசூல்

ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. போட்ட முதல் திரும்பி வர ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் விளைய வேண்டும் என்பதுதான் அது.

2025-26 கொள்முதல் பருவத்தில் மத்திய அரசின் ஆதரவு விலையோடு தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ.2,545, பொது ரகத்துக்கு ரூ.2,500 கிடைக்கிறது. உங்கள் ஏக்கர் செலவு ரூ.30,000 என்று வைத்துக்கொள்வோம். 30,000-ஐ 2,545-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 குவிண்டால். அதாவது சன்ன ரகத்தில் 12 குவிண்டால் வரை விளைவது முதலுக்கு. அதற்கு மேல் விளைவதுதான் உங்கள் உழைப்புக்கு. குத்தகையாக ஏக்கருக்கு ரூ.10,000 கொடுப்பவருக்கு இந்த எண் ஏறக்குறைய 16 குவிண்டால் ஆகிவிடும்.

இந்த எண்கள் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் செலவைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். பிறகு கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை மகசூல் அந்த எண்ணுக்குக் கீழே போனது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டு முறை போயிருந்தால், அந்த நிலத்தில் செலவைக் குறைக்க வேண்டும் அல்லது பயிரை மாற்ற வேண்டும். கூடுதல் உரம் போட்டு மகசூலை ஏற்றிவிடலாம் என்று முயல்வது ஆபத்து. மழையில் பயிர் போனால் போட்ட உரமும் சேர்ந்து போகும்.

கடனில் கவனிக்க வேண்டியவை

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் தமிழகத்தில் வட்டி இல்லை. வங்கிகளில் கிசான் கடன் அட்டை மூலம் ரூ.3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம். ரூ.2 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி.

வெளியில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் 30,000 ரூபாய் வாங்கினால் மாதம் 600 ரூபாய். எட்டு மாதத்துக்கு ரூ.4,800. இது ஏறக்குறைய இரண்டு குவிண்டால் நெல். நூற்றுக்கு 3 என்றால் மூன்று குவிண்டால். ஏக்கருக்கு இரண்டு மூன்று குவிண்டால் மகசூலை ஏற்ற நாங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டு பாடுபடுகிறோம். கடனை மாற்றி வாங்குவதால் அதே லாபம் ஒரே நாளில் கிடைக்கும்.

தவணை தேதியைத் தவறவிடுவதுதான் பெரிய இழப்பு. அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். நெல் விற்ற பணத்தில் முதலில் இந்தக் கடனைக் கட்டிவிட்டுப் புதுக்கடனுக்கு மனுக் கொடுங்கள்.

நகைக்கடன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வட்டியை மட்டும் கட்டி மறு ஆண்டுக்கு மாற்றிவைக்க முன்பு முடிந்தது. இப்போது பல இடங்களில் அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டி மீட்ட பிறகே மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு நாளுக்கு வெளியில் கைமாற்று வாங்க நேர்கிறது. உங்கள் நகைக்கடன் எந்த மாதம் முடிகிறது, மாற்றிவைக்க என்ன விதி என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அது நடவு மாதத்தில் வந்து விழாதபடி பார்த்துக்கொள்வது நல்லது.

காப்பீடு எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

"என் வயல் முழுக்க மூழ்கியது, எனக்கு ஒரு பைசா வரவில்லை" என்ற வருத்தத்தை எல்லா ஊரிலும் கேட்கிறேன். அதற்குக் காரணம் காப்பீட்டின் கணக்கு முறை.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு இழப்பைப் பெரும்பாலும் வருவாய்க் கிராம அளவில்தான் கணக்கிடுகிறார்கள். கிராமத்தில் பயிர் அறுவடைச் சோதனை செய்து சராசரி மகசூல் எடுப்பார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை வைத்து உத்தரவாத மகசூல் என்று ஒன்று நிர்ணயிக்கப்பட்டிருக்கும். இந்த ஆண்டுச் சராசரி அதற்கு எத்தனை சதவீதம் குறைகிறதோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, உத்தரவாத மகசூல் 20 குவிண்டால், உங்கள் கிராமச் சராசரி 14 குவிண்டால் என்றால் குறைவு 30 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு ரூ.36,000 என்றால் ரூ.10,800 வரும். கிராமச் சராசரி 20-க்கு மேல் இருந்தால், உங்கள் வயலில் ஒன்றுமே விளையாவிட்டாலும் இந்தக் கணக்கில் தொகை வராது.

தனிப்பட்ட வயலுக்கு இழப்பீடு உண்டு. ஆனால் அதற்கு விதி வேறு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற பாதிப்புக்கும், அறுத்து வயலில் உலர வைத்த பயிர் 14 நாட்களுக்குள் புயல் மழையில் கெட்டாலும், 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 14447 என்ற எண்ணுக்குப் பேசலாம், செயலியிலும் பதியலாம். நெல் நீரில் மூழ்கும் பாதிப்பு 2018-இல் இந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. 2026 காரிஃப் பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் மாவட்ட அறிவிக்கையில் இது இடம் பெற்றிருக்கிறதா, எந்தப் பருவத்துக்கு என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பயிர் மூழ்கினால் தேதி தெரியும்படி வயலைப் படம் எடுத்து, 72 மணி நேரக் கெடுவுக்குள் புகார் எண் வாங்கிவிடுங்கள்.

சம்பாவுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ரூ.36,000-க்கு ரூ.540 மட்டுமே. கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். அடங்கல் அல்லது சாகுபடிச் சான்று, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் நகலை அக்டோபரிலேயே எடுத்து வையுங்கள். குத்தகைதாரர்களும் பதிவு செய்யலாம். பதிவில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் சரியாக இருக்கிறதா என்று ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துத் தவறால் இழப்பீடு நின்றுபோனவர்கள் உண்டு.

காப்பீடும் நிவாரணமும் வரும். ஆனால் மாதங்கள் கழித்து வரும், செலவு முழுவதும் வராது. 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் பெய்த மழைக்குத் தமிழக அரசு ஹெக்டேருக்கு ரூ.20,000 அறிவித்தது. ஏக்கருக்கு அது ரூ.8,000. இடைப்பட்ட மாதங்களைக் கடத்த நம்மிடமே ஒரு கையிருப்பு வேண்டும்.

விதைப் பணம்

எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னக் கூடாது என்பது நம் முன்னோர் கட்டுப்பாடு. அதே கட்டுப்பாட்டோடு பணத்திலும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். இந்தத் தை அறுவடையில் ஏக்கருக்கு ரூ.5,000 ஒதுக்க முயலுங்கள். முடியாதவர்கள் 2,000-இல் தொடங்குங்கள். அஞ்சலகத்திலோ வங்கியிலோ வீட்டுப் பெண்கள் பெயரில் தனிக் கணக்காகப் போட்டுவிடுங்கள். நாற்று மூழ்கினால் மறு விதைப்புக்கும், வடிகால் வெட்டவும், பெல்ட் வண்டி வாடகைக்கும் மட்டுமே அதை எடுக்க வேண்டும். அவசரத்தில் நூற்றுக்கு 3, 5 என்று வட்டிக்குப் போகாமல் இது காப்பாற்றும்.

இதோடு குறுகிய கால ரக விதை 30 கிலோவாவது கூடுதலாக வைத்திருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு விதை தேடி அலையும்போது விலையும் ஏறும், தரமும் தெரியாது.

உரம்: விலை நிலை, வரத்து நிலையில்லை

யூரியா 45 கிலோ மூட்டை ரூ.266.50, டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை ரூ.1,350 என்று மானிய விலை நிற்கிறது. ஆனால் பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. டி.ஏ.பி.யும் அதன் மூலப்பொருளும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. 2025-இல் சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இங்கே தட்டுப்பாடு வந்ததைப் பார்த்தோம். வரும் ஆண்டிலும் வேண்டிய நாளில் வேண்டிய உரம் கிடைக்கும் என்று எண்ணி இருக்க முடியாது.

டி.ஏ.பி. கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் உள்ளன. மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் சேர்ந்தால் அதே சத்து கிடைத்துவிடும். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் லாபம்.

குறுவை வைக்காத நிலத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்து மண்ணில் சேரும். மேலுரத்துக்கு இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். இலை போதிய பச்சையாக இருக்கும்போது போடும் யூரியா, பூச்சியையும் குலை நோயையும் கூப்பிடும், பயிரையும் சாய்க்கும்.

பயிரைப் பிரித்து வையுங்கள்

குறுவைக்கு ஒரு கடைசித் தேதி வைத்துக்கொள்ளுங்கள். 110 நாள் ரகத்தை ஜூலை 1 அன்று விதைத்தால் அறுவடை அக்டோபர் 19. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20. எனவே ஜூன் கடைசி வாரத்துக்குள் நாற்றங்காலோ விதைப்போ முடியாவிட்டால் குறுவையை விட்டுவிடுவதே லாபம். ஆடுதுறை 53, கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்கள் குறுவைக்கு ஏற்றவை. தண்ணீர் தாமதமாக வரும் கடைமடையில் கோடை மழை ஈரத்தில் நேரடி புழுதி விதைப்பு செய்யலாம். நட்ட பயிரைவிட ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்னதாக அது முதிரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால், ஆறு பின்னால் ஏமாற்றினாலும் சமாளிக்க முடியும்.

சம்பாவில் முழு நிலத்துக்கும் ஒரே ரகம், ஒரே தேதி வேண்டாம். தண்ணீர் தேங்கும் பள்ள நிலத்துக்கு, இரண்டு வாரம் வரை மூழ்கல் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தை ஆகஸ்டிலேயே விதையுங்கள். மேட்டு நிலத்துக்கு 130 முதல் 135 நாள் மத்திய கால ரகங்களைச் செப்டம்பர் முதல் பாதியில் விதைக்கலாம். விலைக்காகச் சாயும் ரகங்களை வைப்பவர்கள் நிலத்தில் ஒரு பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு நெல் தரிசில் உளுந்து விதைப்பது நம் பழைய வழக்கம். 2025-26-இல் உளுந்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,800, பச்சைப்பயறுக்கு ரூ.8,768. தண்ணீரும் உரமும் அதிகம் கேட்காது. பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் போதும்.

கோடைப் பருத்தி வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2025-26-இல் நடுத்தர இழைப் பருத்திக்கு ரூ.7,710, நீண்ட இழைக்கு ரூ.8,110 ஆதரவு விலை. ஆனால் 2025 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பருத்தி இறக்குமதி வரி நீக்கப்பட்டிருந்தது. உலகச் சந்தை விலை நம் ஏலத்தை எப்படி இழுக்கும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை. மே கடைசி, ஜூன் மழையில் வெடித்த பஞ்சு நனைந்தால் விலை பாதியாகும். நிலம் முழுவதையும் பருத்திக்குக் கொடுக்காமல், உளுந்தோடு பங்கு வையுங்கள்.

மாதவாரி நினைவூட்டல்

பிப்ரவரி, மார்ச்: செலவு வரவு எழுதி முதலுக்கு மோசமில்லாத மகசூலைக் கண்டுபிடியுங்கள். விதைப் பணம் ஒதுக்குங்கள். கடனை அடைத்து மறுகடனுக்கு மனுக் கொடுங்கள்.

ஏப்ரல், மே: மண் பரிசோதனை, வாய்க்கால் தூர்வாரல், தக்கைப்பூண்டு. பருவமழைக் கணிப்பைப் பார்த்தல்.

ஜூன்: அணை நீர்மட்டத்தைப் பார்த்து முடிவெடுத்தல். மாதக் கடைசிதான் குறுவைக்கு எல்லை.

ஆகஸ்ட், செப்டம்பர்: பள்ளத்தில் நீண்ட கால ரகம், மேட்டில் மத்திய கால ரகம். வடிகாலைப் பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து சீர்செய்தல்.

அக்டோபர், நவம்பர்: காப்பீட்டுப் பதிவு. புயல் எச்சரிக்கை வந்தால் மேலுரத்தை நிறுத்தி, வடிகாலைத் திறந்து வைத்தல்.

டிசம்பர், ஜனவரி: அறுவடை இயந்திரம், தார்ப்பாய், கொள்முதல் பதிவு ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்தல்.

மழையை நிறுத்தவும் முடியாது, அழைக்கவும் முடியாது. ஆனால் ஒரு மழை நம் முழு முதலையும் கொண்டுபோகாதபடி நிலத்தையும் தேதியையும் கடனையும் பிரித்து வைப்பது நம் கையில் இருக்கிறது. இன்று மாலை வீட்டில் உட்கார்ந்து, போன ஆண்டுச் செலவை வரிசையாக ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வந்தால், உங்கள் நிலத்துக்கு ஏற்ற ரகத்தையும் தேதியையும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யலாம்.